வாயிலிருந்து குருதிக்கு: ஒரு தொற்றின் முந்நூறாண்டு வரலாறு

மனித வாயில் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் இனம் காணப்பட்டுள்ளன. பல்லின் மேல் படியும் வழுவழுப்பான படலம், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள மெல்லிய பள்ளம், நாக்கின் சொரசொரப்பு, கன்னத்தின் உட்புறம் என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் இருப்பிடம் உண்டு. நலமாக இருப்பவருக்கு இவற்றால் வரும் தொல்லை பெரும்பாலும் சொத்தைப் பல்லோடும் ஈறு வீக்கத்தோடும் நின்றுவிடும். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர் போன்றோரின் குருதியில் இதே பாக்டீரியாக்கள் புகுந்து பெருகினால் உயிரே போகலாம். காவல் குறைந்த உடலில் மட்டும் இவ்வாறு நோயாக மாறுவதைச் சந்தர்ப்பவாதத் தொற்று என்பார்கள்.

வாய்க்கும் குருதிக்கும் இடையிலுள்ள இந்த வழியை மருத்துவம் ஒரே நாளில் கண்டுவிடவில்லை. வாயைப் பொருட்படுத்தாமல் விட்ட காலம் உண்டு. எல்லா நோய்க்கும் வாயே வேர் என்று நல்ல பற்களையும் பிடுங்கித் தள்ளிய காலமும் உண்டு. இரண்டையும் கடந்துதான், கிருமியோடு சேர்த்து அதைத் தாங்கும் உடலையும் பார்க்க வேண்டும் என்ற தெளிவு பிறந்தது.

டெல்ஃப்ட் துணி வணிகரின் கடிதம்

ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்த அந்தோனி வான் லீவன்ஹூக், 1683 செப்டம்பர் 17 அன்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். காலைதோறும் உப்பால் பல் தேய்ப்பதும் துணியால் துடைப்பதும் அவர் வழக்கம். அப்படியிருந்தும் தம் பற்களின் இடுக்கில், கரைத்த மாவு போன்ற வெள்ளைப் பொருள் தங்கியிருப்பதைக் கண்டார். அதைச் சுரண்டி எடுத்து, மழைநீரில் கலந்து, தாமே தேய்த்துச் செய்த ஒற்றை வில்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நுண்ணுயிர்கள் அதில் துள்ளி ஓடிக்கொண்டிருந்தன. ஆயுளில் ஒருநாளும் பல் துலக்காத ஒரு முதியவரின் வாயிலிருந்து எடுத்ததில் அவை இன்னும் மொய்த்தன. தம் வாயில் வாழும் உயிர்களின் எண்ணிக்கை நெதர்லாந்து மக்கள்தொகையைவிட அதிகம் என்று கணக்கிட்ட அவர், கண்டவற்றைப் படமாகவும் வரைந்து அனுப்பினார். அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அந்நாளில் எவரும் எண்ணவில்லை. அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு அந்தப் படங்கள் வியப்புக்குரிய காட்சியாகவே நின்றன.

அந்தப் பார்வையை மாற்றியவர் அமெரிக்காவின் ஓஹியோவில் பிறந்து பெர்லினில் தொழில் செய்த பல் மருத்துவர் வில்லோபி மில்லர். ராபர்ட் கோக்கிடம் நுண்ணுயிரியல் கற்ற அவர், 1890இல் வாய் நுண்ணுயிர்களைப் பற்றிய தம் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். உணவிலுள்ள மாவுச்சத்தையும் சர்க்கரையையும் வாய்ப் பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லை அரிக்கிறது என்ற விளக்கம் அவருடையது. மறு ஆண்டே அவர் இன்னும் ஒரு படி சென்றார். வாயிலுள்ள சீழும் அழுகலும் உடலின் வேறு உறுப்புகளுக்குத் தொற்றைப் பரப்பக்கூடும் என்று எழுதினார். சொத்தைப் பல்லையெல்லாம் பிடுங்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வாயைத் தூய்மையாக வைத்து, அழுகிய பல்லுக்குச் சிகிச்சை செய்வதே அவர் காட்டிய வழி.

பச்சை வளையம்

குருதியில் வாய்க் கிருமியைக் கண்ணால் காட்டியது ஜெர்மனியின் ஹியூகோ ஷாட்முல்லர் பயன்படுத்திய ஒரு தட்டு. 1903இல் அவர் இரத்தம் கலந்த அகர் தட்டுகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்களை வளர்த்தார். ஒரு வகை, தன்னைச் சுற்றியுள்ள சிவப்பணுக்களைக் கரைத்துத் தெளிந்த வளையத்தை உண்டாக்கியது. மற்றொரு வகையைச் சுற்றிப் பச்சை நிறம் படர்ந்தது. அந்தப் பாக்டீரியா வெளியிடும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஹீமோகுளோபினை மாற்றுவதால் தோன்றும் நிறம் அது. பச்சை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் அது விரிடான்ஸ் எனப் பெயர் பெற்றது. வாயில் மிகுதியாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்கள் பெரும்பாலும் இந்தக் குழுவைச் சேர்ந்தவை.

இதய வால்வில் பழுது உள்ளவர்களை மாதக்கணக்கில் காய்ச்சலில் வாட்டிக் கொல்லும் நோய் ஒன்று அப்போது பரவலாக இருந்தது. மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1885இல் லண்டன் சொற்பொழிவுகளில் இதய உள்ளுறை அழற்சியை விரிவாக விளக்கியிருந்தார். அதன் மெதுவான வடிவத்துக்குக் காரணம் விரிடான்ஸ்தான் என்பதை 1910 வாக்கில் ஷாட்முல்லரும், நியூயார்க்கில் இமானுவேல் லிப்மனும் நிறுவினர்.

இந்த நோய்க்குப் பலியானவர்களில் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரும் ஒருவர். அவருடைய வால்வுக் குறை 1907இலேயே கண்டறியப்பட்டிருந்தது. 1911 பிப்ரவரியில் நியூயார்க்கில் காய்ச்சலோடு மேடையேறிய அவருக்குக் காய்ச்சல் விடவேயில்லை. லிப்மனின் உதவியாளர் ஜார்ஜ் பேர், மாலர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று கையிலிருந்து இரத்தம் எடுத்து, வளர்ப்பு ஊடகங்களில் சேர்த்தார். சில நாட்களில் அவற்றில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்தது. உண்மையைத் தம்மிடம் மறைக்க வேண்டாம் என்று மாலர் கேட்டுக்கொண்டார். சொல்ல உண்மை இருந்தது, கொடுக்க மருந்து இல்லை. கப்பலில் ஐரோப்பா திரும்பிய அவர் 1911 மே 18 அன்று வியன்னாவில் தம் ஐம்பதாவது வயதில் இறந்தார். 1940களில் பென்சிலின் வரும்வரை இந்த நோயிலிருந்து மீண்டவர்கள் மிக அரிது.

பல் பிடுங்கிய காலம்

மாலர் நோயுற்ற அதே ஆண்டுகளில் வாயின் மீதான சந்தேகம் எல்லை கடந்தது. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1900இலேயே வாய் அழுகலைப் பல நோய்களுக்குக் காரணமாகச் சுட்டியிருந்தார். 1910இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசியபோது, சீழ் பிடித்த வேர்களின் மேல் தங்க உறைகளையும் பாலங்களையும் பொருத்தும் பல் மருத்துவத்தைக் கடுமையாகச் சாடினார். சிகாகோவின் ஃபிராங்க் பில்லிங்ஸ் இதைக் குவியத் தொற்று என்ற கோட்பாடாக வளர்த்தார். பல்லிலோ டான்சிலிலோ ஒளிந்திருக்கும் ஒரு சிறு குவியத்திலிருந்து கிருமி புறப்பட்டு மூட்டு, சிறுநீரகம், இதயம் என எங்கும் நோயை விதைக்கிறது என்பது அதன் சாரம்.

மூட்டு வாதம் என்று வந்தவர்களுக்கு நல்ல பற்களும் பிடுங்கப்பட்டன. நியூ ஜெர்சியின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் கண்காணிப்பாளர் ஹென்றி காட்டன், மனநோய்க்கும் தொற்றே காரணம் என்று நம்பினார். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார், டான்சிலை எடுத்தார், அதிலும் குணம் தெரியாவிட்டால் பெருங்குடலையே வெட்டினார். அந்த அறுவையில் பலர் இறந்தனர். தம் உடலுக்கு என்ன நடக்கிறது என்று கேட்கவும் மறுக்கவும் வழியில்லாதவர்கள் மீது நடந்த இந்தக் கொடுமை, மருத்துவ வரலாற்றின் இருண்ட பக்கங்களில் ஒன்று.

முன்பு இக்கோட்பாட்டை ஆதரித்த மருத்துவர் ரஸல் சீசில், ஆஞ்சவைன் என்பவருடன் சேர்ந்து 1938இல் முடக்குவாத நோயாளிகள் 200 பேரை ஆராய்ந்து, பல்லையும் டான்சிலையும் எடுத்ததால் நோய் குணமாகவில்லை என்று அறிவித்தார். கோட்பாடு சரிந்தது. அதோடு, வாய்க்கும் உடலுக்கும் தொடர்பு உண்டு என்ற நியாயமான கருத்தும் சில பத்தாண்டுகளுக்கு மதிப்பிழந்து கிடந்தது.

சில நிமிடக் குருதிப் பயணம்

குவியத் தொற்றுக் கோட்பாடு தளர்ந்துகொண்டிருந்தபோதே அதைவிட உறுதியான ஓர் ஆய்வு வந்தது. லண்டனில் ஓக்கெல், எலியட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல் பிடுங்கிய கையோடு நோயாளிகளின் இரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்தனர். 1935இல் வெளியான அவர்களின் முடிவுப்படி, பாதிக்கும் மேற்பட்டவர்களின் குருதியில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருந்தது. ஈறு நோய் முற்றியவர்களிடம் அது இன்னும் அதிகம். சிறிது நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் பெரும்பாலும் எதுவும் வளரவில்லை. நுழைந்த கிருமியைக் கல்லீரலும் மண்ணீரலும் வெள்ளணுக்களும் சில நிமிடங்களில் துடைத்துவிட்டன.

இதன் அடிப்படையில் 1955இல் அமெரிக்க இதயச் சங்கம், வால்வுப் பழுது உள்ளவர்களுக்குப் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தரும் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. 2007இல் அந்தப் பரிந்துரை மிக உயர்ந்த ஆபத்துள்ள சிலருக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. பல் பிடுங்குவது எப்போதோ நேர்வது, மெல்வதும் பல் துலக்குவதும் அன்றாடம் நடப்பவை என்ற வாதம் அதற்குப் பின்னால் இருந்தது. 2008இல் 290 பேரிடம் நடத்திய ஓர் அமெரிக்க ஆய்வு இதை எண்ணால் காட்டியது. மருந்து எடுக்காமல் பல் பிடுங்கியவர்களில் 60 சதவீதத்தினர் குருதியிலும், வெறுமனே பல் துலக்கியவர்களில் 23 சதவீதத்தினர் குருதியிலும் பாக்டீரியா காணப்பட்டது.

வாய்க் கிருமி குருதிக்குள் எட்டிப் பார்ப்பது மனித வாழ்வின் அன்றாட நிகழ்வு. அதை நோயாக்குவது எது என்பதே மிஞ்சிய கேள்வி.

ஒரே அழுக்கு, வேறு வேறு ஈறு

அதற்கான விடையின் ஒரு பகுதி இலங்கை மலையகத்திலிருந்து வந்தது. நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ, பல் துலக்குவதை நிறுத்தினால் சில வாரங்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்குகிறது என்று 1965இல் காட்டியிருந்தார். 1970இல் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள், அவருடைய குழு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் 480 பேரின் வாயைத் தொடர்ந்து கவனித்தது. பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவ வசதியோ அவர்களுக்கு இல்லை. எல்லோர் பல்லிலும் அழுக்கும் காரையும் படிந்திருந்தன, எல்லோர் ஈறும் வீங்கியிருந்தது. ஆனால் 8 சதவீதத்தினருக்குத்தான் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் திசுவும் வேகமாக அழிந்தன. 81 சதவீதத்தினருக்கு மெதுவாக அழிந்தன. 11 சதவீதத்தினருக்கு நோய் ஈறு வீக்கத்தைத் தாண்டவேயில்லை. கிருமியின் சுமை ஒன்றாக இருந்தும் நோயின் போக்கு ஆளுக்கு ஆள் மாறியது. 1986இல் வெளியான இந்த ஆய்வு ஈறு நோயியலின் அடிப்படைகளில் ஒன்றாயிற்று. வசதியற்ற அந்த உழைப்பாளிகளின் வாய்தான் உலகுக்கு அந்தப் பாடத்தைச் சொன்னது.

ஈற்றின் பள்ளத்தில் ஓயாத காவல் ஒன்று நடக்கிறது. நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 30,000 என்ற கணக்கில் குருதியிலிருந்து ஈறு வழியாக வாய்க்குள் வந்துகொண்டேயிருக்கின்றன. பல்லில் படிந்த பாக்டீரியாவுக்கும் ஈற்றுத் திசுவுக்கும் நடுவில் அவை ஒரு சுவர்போல் நிற்கின்றன. அந்தச் சுவர் கலைந்தால் என்ன நேரும் என்பதைப் புற்றுநோய் மருத்துவம் காட்டியது.

வெள்ளணுக்கள் அற்றுப்போன உடல்

1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் எனும் மருந்தால் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் தற்காலிகமாகத் தணிவதை வெளியிட்டார். கீமோதெரபி யுகம் பிறந்தது. புற்றணுவைக் கொல்லும் மருந்து வேகமாகப் பிரியும் எல்லா அணுக்களையும் தாக்கும். எலும்பு மஜ்ஜை அடங்கிப்போகும், வாயின் உட்தோல் உதிர்ந்து புண்ணாகும். புற்றுநோய் தணிந்த நோயாளிகள் தொற்றுக்குப் பலியாயினர்.

எவ்வளவு குறைந்தால் ஆபத்து என்பதை எண்ணாக்கியவர் ஜெரால்ட் போடி. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கடும் இரத்தப் புற்றுநோயாளிகள் 52 பேரின் குருதிக் கணக்கையும் தொற்றுகளையும் ஒப்பிட்டு 1966இல் அவரும் உடன் பணியாற்றியோரும் எழுதிய கட்டுரை இன்றும் வழிகாட்டி. ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் நியூட்ரோபில் 1,000க்குக் கீழே இறங்கும்போது தொற்று கூடத் தொடங்குகிறது. 500க்குக் கீழே ஆபத்து கடுமை, 100க்குக் கீழே அதைவிடக் கடுமை. அந்த நிலை எத்தனை நாள் நீள்கிறதோ அத்தனைக்கு ஆபத்தும் ஏறும்.

அக்காலத்தில் முதல் எதிரி சூடோமோனாஸ் போன்ற, கிராம் நெகட்டிவ் எனும் வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்கள். வளர்ப்புச் சோதனையின் முடிவு வருமுன்பே நோயாளி இறந்துவிடுவது வழக்கமாக இருந்தது. பால்டிமோரில் ஸ்டீபன் ஷிம்ஃப் குழுவினர் 1971இல் புதிய நடைமுறையை முன்வைத்தனர். வெள்ளணு குறைந்தவருக்குக் காய்ச்சல் கண்டவுடன், கிருமியின் பெயர் தெரியும்வரை காத்திராமல், கார்பெனிசிலின், ஜென்டாமைசின் எனும் ஆன்டிபயாடிக்குகளைக் கொடுக்க வேண்டும் என்பது அது. மருந்துகள் மாறின, அந்த விதி மாறவில்லை. இன்றும் அத்தகைய நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் நேரத்தை நாளால் அளப்பதில்லை, நிமிடத்தால் அளக்கிறார்கள்.

விரிடான்ஸ் திரும்பிய கதை

1980களில் காட்சி மாறியது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவை முன்கூட்டியே அடக்கக் குயினலோன் வகை ஆன்டிபயாடிக்குகள் வாய்வழி கொடுக்கப்பட்டன. அவை ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் சரியாகத் தடுப்பதில்லை. அதே ஆண்டுகளில் சைட்டராபைன் எனும் புற்றுநோய் மருந்தை மிக உயர்ந்த அளவில் கொடுக்கும் முறையும் எலும்பு மஜ்ஜை மாற்றும் பரவின. இரண்டிலும் வாய்ப்புண் கடுமையாக இருக்கும். ஹெர்பிஸ் வைரஸ் மீண்டும் தலைதூக்கிப் புண்ணைப் பெரிதாக்கும். குருதிக் குழாயில் நேரடியாகப் பொருத்தும் நீண்டகாலக் குழாய்கள் வேறு ஒரு வாசலைத் திறந்தன.

முன்பு வால்வு நோயின் கிருமியாக மட்டும் அறியப்பட்ட விரிடான்ஸ், பழுதில்லாத இதயம் கொண்ட இந்த நோயாளிகளின் குருதியில் வளரத் தொடங்கியது. குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மிடிஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஓராலிஸ் ஆகியவை. ஆரம்பத்தில் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் இருக்கும். ஆன்டிபயாடிக் தொடங்கியதும் குருதி தூய்மையாகிவிடும். ஆனால் இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்கு இரத்த அழுத்தம் சரியும், நுரையீரல் நீர் கோத்து மூச்சு முட்டும், தோல் சிவந்து உள்ளங்கைத் தோல் உரியும். கிருமி ஒழிந்த பிறகும் உடலின் அழற்சி அடங்காமல் தொடர்வதன் விளைவு அது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல மருத்துவமனைகள் இந்த விரிடான்ஸ் அதிர்ச்சி நிலையைத் தனித்தனியே விவரித்தன. சாதுவான வாய்வாசி என்று கருதப்பட்ட கிருமியைப் பற்றிய எண்ணம் அத்தோடு மாறியது. பென்சிலினுக்கு அடங்காத வகைகள் பெருகியபோது வாங்கோமைசின் எனும் ஆன்டிபயாடிக்கின் துணை தேவைப்பட்டது.

குயினலோன் ஒரு வாசலை அடைத்தது, மறு வாசல் வழியே விரிடான்ஸ் வந்தது. எல்லா நாட்டிலும் இது ஒரே அளவில் நடக்கவில்லை. இந்தியப் புற்றுநோய் மருத்துவமனைகளில் வெள்ளணு குறைந்தவர்களின் குருதித் தொற்றுகளில் கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களின் கையே இன்றும் ஓங்கியிருக்கிறது.

புதிய பெயர்கள்

வளர்ப்பு முறைகள் நுணுகியதும் வாயின் மற்ற குடிகளும் ஒவ்வொன்றாகக் குருதியில் அடையாளம் காணப்பட்டன. ஈற்றுப் பள்ளத்தில் வாழும், கரியமில வாயுவை விரும்பும் மெல்லிய பாக்டீரியாக்களுக்கு 1979இல் கேப்னோசைட்டோஃபேகா என்று பெயர் சூட்டப்பட்டது. மறு ஆண்டே வெள்ளணு குறைந்த நோயாளிகளின் குருதியில் அது நோய் உண்டாக்குவதாக அறிக்கை வந்தது. இதே பேரினத்தின் இன்னோர் இனமான கேனிமோர்சஸ், நாயின் வாயில் வாழ்வது. மண்ணீரல் அகற்றப்பட்டவரை நாய் கடித்தால் அது உயிருக்கு உலை வைக்கும். காவல் என்பது வெள்ளணு மட்டுமல்ல, மண்ணீரலும் அதில் ஒரு பங்கு என்பதற்கு அதுவே சான்று.

நாக்கிலும் பல்லிலும் பிசின் போல் ஒட்டி வளரும் ரோத்தியா மியூசிலாஜினோசா 2000ஆம் ஆண்டு வரை ஸ்டோமாடோகாக்கஸ் என்ற பெயரில் வழங்கியது. நீண்ட ஊசிபோன்ற லெப்டோட்ரிக்கியா வாய்ப்புண் வழியே குருதியில் புகுவது. லீவன்ஹூக் 1683இல் வரைந்த படங்களில் ஒன்று இதுவாக இருக்கலாம் என்று அவரைப் பற்றி ஆராய்ந்த கிளிஃபோர்ட் டோபெல் கருதினார். இவற்றில் சில காற்றில்லா இடத்தில் மட்டும், அதுவும் மெதுவாக வளரும். மரபணு வரிசையைப் படிக்கும் முறையும் நிறை நிறமாலை முறையும் வந்த பிறகே ஆய்வகங்கள் இவற்றை நம்பிக்கையோடு பெயர் சொல்லத் தொடங்கின.

குழாயா, புண்ணா?

இந்த அறிவு நிர்வாகத்தையும் மாற்றியது. குருதிக் குழாய் பொருத்திய நோயாளிக்குக் குருதித் தொற்று வந்தால் அதைக் குழாயின் பராமரிப்புக் குறையாகக் கணக்கிடுவதே நீண்டகால வழக்கம். புற்றுநோய் வார்டுகளில் அது பொருந்தவில்லை. குழாயை எவ்வளவு தூய்மையாக வைத்தாலும், புண்ணான வாயும் குடலும் கிருமியை உள்ளே விட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013 முதல், சளிச்சவ்வுக் காயத்தால் வரும் குருதித் தொற்று என்ற தனி வகையைத் தன் கண்காணிப்பில் சேர்த்தது. நியூட்ரோபில் 500க்குக் கீழே இருக்கும் நோயாளியின் குருதியில் விரிடான்ஸ், லெப்டோட்ரிக்கியா போன்றவை வளர்ந்தால் அது இந்த வகையில் அடங்கும். செவிலியரின் கையைக் குறை சொல்வதோடு நிற்காமல் நோயாளியின் வாயைப் பார்க்கவும் அந்த மாற்றம் வழி செய்தது.

வாயைக் காப்பதும் சிகிச்சையே

வாய்ப் பராமரிப்பின் வரலாறும் இதற்கு இணையாக நகர்ந்தது. தட்டணு குறைந்தவருக்கு ஈறு இரத்தம் கசியும் என்ற அச்சத்தால் பிரஷ்ஷே கூடாது என்று தடுத்த காலம் உண்டு. பின்னர் அழுக்குப் படலமே பெரிய ஆபத்து என்று உணரப்பட்டது. 1989இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்குமுன் வாயைப் பரிசோதித்து, சீழ் பிடித்த பல்லையும் ஈற்றையும் சரிசெய்ய வேண்டும் என்று வலியுறுத்தியது. மென்மையான பிரஷ், உப்பும் சோடா உப்பும் கலந்த நீரால் அடிக்கடி கொப்பளிப்பு, உலராத உதடு என்ற எளிய ஒழுங்கு பரவியது.

மிக எளிய கருவி பனிக்கட்டி. 1991இல் வெளியான ஆய்வில், ஃபுளோரோயூராசில் மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன் தொடங்கி அரைமணி நேரம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் வைத்திருந்தவர்களுக்கு வாய்ப்புண் குறைவாக இருந்தது. குளிரில் வாயின் நுண்குழாய்கள் சுருங்குகின்றன, அந்த நேரத்தில் குருதியிலுள்ள மருந்து உட்தோலுக்குக் குறைவாகவே போய்ச் சேருகிறது. மெல்ஃபலான் எனும் மருந்து கொடுத்துச் செய்யும் மஜ்ஜை மாற்றிலும் இதே முறை கைகொடுத்தது. 2004இல் உட்தோல் வளர்ச்சியைத் தூண்டும் பாலிஃபெர்மின் மருந்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை உயர்ந்த அந்த மருந்து எட்டாத மருத்துவமனைகளிலும் பனிக்கட்டி கிடைக்கும்.

நலமான உடலில் வாய்ப் பாக்டீரியா குருதிக்குள் வந்து சில நிமிடங்களில் அழிகிறது. உட்தோலும் வெள்ளணுவும் ஒருசேரக் குறைந்த உடலில் அதே பாக்டீரியா நோயாகிறது. ஆகவே கீமோதெரபி தொடங்குமுன் பல் மருத்துவரிடம் ஒருமுறை வாயைக் காட்டுவதும், சிகிச்சை நாட்களில் வாயைத் தூய்மையாக வைத்திருப்பதும், காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போவதும் சிகிச்சையின் பகுதிகள். அவற்றில் எதையும் தள்ளிப்போடக் கூடாது.